முட்டை குளிக்கப் போன சனிக்கிழமை

உங்கள் வீட்டுக்காரர் என்றைக்காவது முட்டையாக வேலை பார்த்திருக்கிறாரா? என் வீட்டுக்காரர் டெட்சுஜி குரிமோட்டோ பார்க்கிறார்.

'கொதிச்சட்டி' என்று ஒரு பாட்டுக்குழு. எங்கள் அமகசாகி ஊர்க் கடைவீதியில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குளிர்காலத்தில் சட்டியில் கொதிக்கவிட்டுச் சாப்பிடுகிற ஓதென்தான் அவர்கள் வேஷம். ஒருவர் முள்ளங்கி, ஒருவர் கடற்பாசி முடிச்சு, ஒருவர் மீன் வடை, இவர் முட்டை. தோள்வரை மூடுகிற பஞ்சுத் தலை. மற்றவர்கள் பாடுவார்கள். முட்டை வாய் திறக்காது, உருளும். யாரும் முகத்தைக் காட்டக்கூடாது.

போன கோடையில் மீன் வடை மேடையிலேயே சுருண்டு விழுந்தார். இதுவும் ஒரு வித்தை என்று ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் அதே தலைக்குள் வேறொருவர் ஆடினார். ஒரு ரசிகருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது இவருக்கு இதய வால்வு பழுது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. "அதுக்குள்ள அந்தத் தலையை மாட்டினார்னா, ஆபரேஷன் பண்ண ஆள் இருக்க மாட்டார்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"சனிக்கிழமை மட்டும் போயிட்டு வந்துடறேன், மினெகோ."

"போறது நீங்க. வர்றது யாரு?"

"நான் போகலேன்னா மத்தவங்களுக்குத் தொந்தரவு. உடம்பு முடியலேன்னு சொல்லவே கூச்சமா இருக்கு."

"செத்துப்போனா தொந்தரவு இல்லியா?"

"அது... அவங்க வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

நான் அடுப்பைத் துடைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் துண்டும் சோப்புக் கிண்ணமுமாக வந்து நின்றார். "குளியல் கடைக்குப் போயிட்டு வர்றேன்." காசு கொடுத்து ஊரே சேர்ந்து குளிக்கிற பொதுக் குளியல் இடம் அது, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம்.

பார்த்தேன். காற்சட்டைக்குள், மேடையில் உருளுவதற்கு மாட்டுகிற முழங்கால் கவசம் புடைத்துக்கொண்டிருந்தது. கவசம் மாட்டிக்கொண்டு குளிக்கப் போகிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"நல்லதாப் போச்சு. பாப்பா ஷிஹோவையும் கூட்டிட்டுப் போங்க."

"ஆம்பளைங்க பக்கத்துக்கா?"

"போன வாரமும் நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? வெந்நீர்த் தொட்டியில நீங்க இறங்கக் கூடாது. கரையில உட்கார்ந்து அவ தலையைக் கழுவி விடுங்க. கல்லாவுல இருக்கிற அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். அழுக்கு இருந்தா வெளியே விட மாட்டாங்க."

பிளாஸ்டிக் வாத்தோடு மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அப்பா, போலாம்!"

பொய் சொன்னவருக்கு வேறு வழியில்லை. குளிக்கத்தான் போனார்.

அவர் முனை திரும்பியதும் நான் பின்வாசல் வழியாக அரங்கத்துக்கு ஓடினேன். சாமான் அறையில் இருந்த முட்டைத் தலையை மாட்டினேன். உள்ளே அவர் வியர்வை வாசனை. காற்றே இல்லை. அந்த இதயத்தை வைத்துக்கொண்டு இதற்குள்ளா இத்தனை நாள் நின்றார்? அழுகை வந்தது. முட்டைக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியாது. அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

உருண்டேன். வருஷக்கணக்காக நான் துணி மடிக்கிற பாயில்தான் அவர் உருண்டு பழகுவார். பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம்.

பாட்டு முடிந்து உள்ளே வந்ததும் முள்ளங்கி, அதாவது குழுத் தலைவர் நிஷிவாகி, இவர் என்று நினைத்து என் முதுகில் தட்டினார். "குரிமோட்டோ அண்ணே! இந்த உருளலை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

வாசலில் ஈரத் தலையும் இடுப்பில் குழந்தையுமாக நிஜ முட்டை நின்றுகொண்டிருந்தது.

நான் தலையைக் கழற்றினேன். விஷயத்தைச் சொன்னேன். முள்ளங்கியும் தன் தலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மீன் வடையும் இப்படித்தான் சொல்லாம இருந்தாரு, அண்ணே" என்றார். என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். "ஆபரேஷன் முடிஞ்சு அண்ணன் தேறி வர்ற வரைக்கும் நீங்களே உருளுங்க."

வீட்டுக்கு நடந்தோம். ஷிஹோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாத்தோடு பேசியபடி வந்தாள். ரயில்வே கேட்டில் நின்றோம்.

"மினெகோ."

"சொல்லுங்க."

"அடுத்த வாரம் கொஞ்சம் மோசமா உருளேன். நான் பொழச்சு வந்தா எனக்கும் ஒரு வேலை வேணும்ல?"