மாமாட மணிக்கூட்டுக்குள்ள பதினேழு மாணிக்கம்

போன மாசம் ஒருநாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமாட பழைய கைமணிக்கூட்டை மட்டக்களப்பு டவுணுக்குக் கொண்டுபோய், பெற்றரி மாத்திக்கொண்டு வாறது.

அவ்வளவுதான்.

மாமா கலியாணம் கட்டாத ஆள். போன வருசம் கண்ணை மூட முதல், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த வயலை அண்ணனுக்கு எழுதிவெச்சிட்டார். எனக்கு இந்த மணிக்கூடு. அதுவும் ஓடாத மணிக்கூடு.

"உனக்கு நேரகாலம் தெரியாதெண்டு மாமாக்கு விளங்கியிருக்கு" எண்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சன். உள்ளுக்க புகைஞ்சது எனக்குத்தான் தெரியும்.

கடைக்குக் கொண்டுபோக முதல் கொஞ்சம் துப்புரவாக்குவம் எண்டு எடுத்தன். கண்ணாடி முழுக்கக் கீறல். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாக் கீறல் போகுமெண்டு எங்கயோ ஒரு வீடியோவில பாத்த ஞாபகம். தேய்ச்சன். எனக்குத்தான் எதிலயும் அளவு தெரியாதே! அந்த மணிக்கூட்டுக்கு மட்டும் பல்லு இருந்திருந்தா, ஊரிலயே வெள்ளைப் பல்லு அதுக்குத்தான்.

ஆனா கீறல் போச்சு! உள்ளுக்க இருந்த சின்ன எழுத்தெல்லாம் தெரிஞ்சுது. போனில படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பாத்தன்.

'பதினேழு ஜுவல்ஸ்' எண்டு இங்கிலீசில போட்டிருக்கு!

"இஞ்ச வாங்க! கெதியா வாங்க!" எண்டு என்னைக் கட்டின மனிசனைக் கூப்பிட்டன். கோழிக்குத் தவிடு வெச்சுக்கொண்டிருந்தவர், நான் பாம்பைக் கண்டிட்டன் எண்டு நினைச்சுக் கம்போட ஓடி வந்தார்.

"ஜுவல்ஸ் எண்டா நகைதானே?"

"நகை எண்டும் சொல்லலாம், இரத்தினக்கல்லு எண்டும் சொல்லலாம்."

"இதுக்குள்ள பதினேழு இருக்காம்!"

மனிசன் கம்பைக் கீழ போட்டார். மணிக்கூட்டை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில வெச்சு ஆட்டினார். "ஓம் புள்ள, என்னமோ கிலுங்குது."

"ஆட்டாதீங்க! கல்லு உடைஞ்சிரும்!"

நீங்க கேப்பீங்க, இண்டர்நெட்டில தேடிப் பாத்திருக்கலாமே எண்டு. பாத்தனே! பழைய சுவிஸ் மணிக்கூடுகளுக்குள்ள மாணிக்கக்கல்லு இருக்கும் எண்டு முதலாவது வரியிலயே கிடந்தது. ரெண்டாவது வரியை வாசிக்க ஆருக்குப் பொறுமை?

நேரா குடும்பக் குறூப்பில படத்தைப் போட்டன். கீழ ஒரு வசனம்: 'மாமா ஆருக்கு எதைக் குடுக்கோணும் எண்டு தெரிஞ்சுதான் குடுத்திருக்கார்.'

மண்முனைப் பாலத்தில அண்ணன்ட மோட்டார்சைக்கிள் என்ன வேகத்தில வந்ததோ தெரியாது. நான் அடுப்பில வெச்ச தேத்தண்ணி கொதிக்க முதல் ஆள் வாசலில.

"எங்க, காட்டு!"

காட்டினன். கையில குடுக்கல்ல. நான் பிடிச்சுக்கொண்டே காட்டினன்.

அண்ணன் கதிரையில இருந்தார். எழும்பினார். மறுகா இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தங்கச்சி, வயலில வாய்க்காலோட கிடக்கிற துண்டை உனக்குத் தாறன். மணிக்கூட்டை எனக்குத் தா."

வாய்க்காலோட கிடக்கிற துண்டு! அந்த வயல் வட்டைக்கே தங்கம் அதுதான். மனிசன் மேசைக்குக் கீழால என்ட காலை மிதிச்சார். ஓம் எண்டு சொல்லு எண்டு அர்த்தம்.

நான் சொன்னன்: "வயலுக்கு வெள்ளம் வரும் அண்ணா. மாணிக்கத்துக்கு வெள்ளம் வருமா?"

மனிசன் இன்னொருக்கா மிதிச்சார். இந்த முறை அர்த்தம் வேற.

சரி, விலை மதிக்க டவுணுக்குப் போவம் எண்டு மூணு பேரும் வெளிக்கிட்டம். மணிக்கூட்டைக் கைலேஞ்சியில சுத்தி, பால்மாத் தகரப்பேணிக்குள்ள வெச்சு மூடி, மடியில வெச்சுக்கொண்டு பஸ்ஸில இருந்தன். ஒரு பக்கம் அண்ணன், மற்றப் பக்கம் மனிசன். ரெண்டு பேரும் சிரிக்காமக் காவல்.

கண்டக்டர் வந்தார். "அக்கா, பேணியைக் கீழ வைங்களன்."

"ஏலாது!"

"அப்படி என்ன இருக்கு உள்ளுக்க?"

"மோர்" எண்டார் அண்ணன்.

"மீன்" எண்டன் நான், அதே நேரத்தில.

கண்டக்டர் என்ட மனிசனைப் பாத்தார். மனிசன் எச்சிலை விழுங்கிட்டு, "மீன் போட்ட மோர் தம்பி" எண்டார்.

இறங்கும்வரைக்கும் எங்களுக்குப் பக்கத்தில ஒருத்தரும் வரல்ல.

முதல்ல ஒரு நகைக்கடை. முதலாளி பேணியைத் திறந்து, கைலேஞ்சியைப் பிரிச்சு, மணிக்கூட்டைப் பாத்தார். பிறகு எங்கட மூணு முகத்தையும் பாத்தார்.

"கொஞ்சம் தள்ளி மணிக்கூடு திருத்துற நானா ஒராள் இருக்கார். அவர்ட்டக் காட்டுங்க."

"இல்ல, நாங்க கல்லைத்தான் மதிக்க வந்த."

"அந்தக் கல்லைப் பற்றி அவருக்குத்தான் தெரியும்."

வெளிய வந்ததும் அண்ணன் என்ட காதுக்குள்ள, "அவன் எங்கட முகத்தைப் பாத்த பார்வையைக் கண்டியா? பெரிய சாமான் எண்டு பயந்திட்டான்" எண்டார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானா எண்டுதான் கூப்பிடுற. இந்த நானா காத்தான்குடி ஆள். வாய் ஓயாத மனிசன். கண்ணில ஒரு குட்டிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு மணிக்கூட்டை மோந்து பாத்தார்.

"என்ன தங்கச்சி, புதினா வாசம் வருது?"

"டூத்பேஸ்ட் நானா."

"ராவைக்கும் தேய்க்கிறயா, காலையில மட்டுமா?"

பின்மூடியைத் திறந்தார். நாங்க மூணு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிஞ்சம். நானா அந்தக் கண்ணாடியைக் கழட்டி என்னட்டத் தந்தார். "பாருங்க, சிவப்பாத் தெரியுதே, அதுதான் உங்கட கல்லு."

பாத்தன். மிளகாய்த்தூளில ஒரு துணிக்கை மாதிரி இருந்தது.

"இது... மாணிக்கமா?"

"மாணிக்கம்தான். பெக்டரியில உருக்கிச் செஞ்சது. சில்லுகள் தேயாமச் சுத்துறதுக்கு வெக்கிற."

"விக்கலாமா நானா?"

நானா மேசை லாச்சியை இழுத்தார். அதுக்குள்ள செத்துக் கிடந்த பழைய மணிக்கூடுகள் ஒரு குவியல். "எல்லாத்துக்குள்ளயும் பதினேழு பதினேழா இருக்கு. வாங்க ஆள் இருந்தா நான் ஏன் இஞ்ச இந்த வெக்கையில இருக்கன்?"

அண்ணன் அந்தக் குட்டிக் கண்ணாடியை வாங்கித் தானும் ஒருக்காப் பாத்தார்.

நான் மானத்தைக் காப்பாத்தப் பாத்தன். "சரி நானா, அதை விடுங்க. ஒரு பெற்றரியைப் போட்டுத் தாங்க."

நானா கண்ணை மூடித் திறந்தார். "தங்கச்சி, இது சாவி குடுக்கிற மணிக்கூடு. கடைசியா எப்ப சாவி குடுத்த?"

நான் மனிசனைப் பாத்தன். மனிசன் அண்ணனைப் பாத்தார். அண்ணன் கூரையைப் பாத்தார்.

நானா பக்கத்தில இருந்த குமிழை ரெண்டு விரலால மெல்ல மெல்லத் திருகினார். மணிக்கூடு டிக் டிக் எண்டு ஓடத் தொடங்கிச்சு! ஒண்ணும் பழுதில்ல. ஒரு வருசமா அலுமாரிக்குள்ள ஆராவது திருகுவாங்க எண்டு பாத்துக்கொண்டு கிடந்திருக்கு.

"ஒவ்வொரு நாளும் காலையில திருகுங்க. இறுகினா விட்டிருங்க. தண்ணி படக் கூடா" எண்டார் நானா. பிறகு, "பல்லும் தீட்டக் கூடா" எண்டார்.

அண்ணன் அதை வாங்கிக் காதில வெச்சார். பிறகு என்ட காதில வெச்சார். மாமா எங்களைத் தூக்கி வெச்சிருக்கக்குள்ள காதடியில கேட்ட அதே சத்தம். எனக்குக் கண் கலங்கிட்டு.

அண்ணன்ட முகமும் இளகியிருந்தது. இதுதான் நேரம் எண்டு நினைச்சன்.

"அண்ணா... காலையில அந்த வாய்க்கால் துண்டைப் பற்றி என்னமோ சொன்னீங்களே?"

அண்ணன் கடை வாசலிலயே குந்தி இருந்து சிரிச்சார் பாருங்க! ரோட்டில போன சனமெல்லாம் நிண்டு பாத்துது. "அதுக்கு வெள்ளம் வரும் தங்கச்சி!"

ஆனா ஒண்டு, மணிக்கூடு இப்ப நல்லா ஓடுது. அண்ணனைக் கண்டா நானும் ஓடுறன்.