காஷ்மீர் மிளகாய் போதும், அத்தை

பேரன்பு கொண்ட பல்லடம் அம்புஜம் அத்தை அவர்களுக்கு,

கணபதியிலிருந்து உங்கள் அண்ணன் மகள் ஹாரிகா, போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் பண்ணைக் கோழிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விடிந்ததும் நீங்கள் காரில் வந்து இறங்குவீர்கள். அம்மா உங்களுக்குக் காபி கலக்கும் நேரத்தில் இந்தக் கடிதத்தை உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துவிடுவேன். பார்த்ததும் "என்னடி இது?" என்று சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படியுங்கள். ஏனென்றால் நாளைக்கு ஆனைமலையில், கெடுத்தவருக்குத் தண்டனை கேட்டு, நீங்களும் அம்மாவும் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசப்போவது என் மேல்தான்.

ஆமாம் அத்தை. வம்சி அண்ணனின் இன்டர்வியூவைக் கெடுத்தது பெரியம்மா மகன் சசிதர் அண்ணன் இல்லை. நான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்பெனிக்காரர்கள் நேரில் பேச மாட்டார்களாம். ஒரு லிங்க் அனுப்புவார்கள். அதைத் திறந்தால் திரையில் கேள்வி வரும், கேமரா தானாக ஓடும், நாம் பதில் சொல்லச் சொல்லப் பதிவாகும். ஒரு தடவைதான், இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "எதுத்தாப்பல ஆளே இல்லாம யாருக்குடா வணக்கம் சொல்லுவ?" என்று அண்ணனை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் தன் லேப்டாப் கேமராவில் எப்போதோ ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தான். பசை அப்படியே நின்றுவிட்டது. கேமராவில் பார்த்தால் அண்ணன் மார்கழிப் பனியில் நிற்கிற மாதிரி தெரிந்தான். அப்பா உடனே பட்டறையிலிருந்து தின்னர் கொண்டுவந்து, "இரும்புல இருக்கற கிரீஸே போகுது, இது போகாதா?" என்று துடைத்தார். பசை போனது. கேமராவும் போனது. அதன் பிறகு அப்பா போனில் பழகிப் பார்த்தார்கள். அண்ணன் "என்னுடைய குறிக்கோள் என்னவென்றால்" என்று தொடங்கும்போதெல்லாம் யாராவது கூப்பிட்டு பம்பு ஷாப்ட் எப்போது வரும் என்று கேட்டார்கள். கடைசியில் அம்மாதான் பெரியம்மா வீட்டுக்குப் போய் சசிதர் அண்ணனின் லேப்டாப்பை வாங்கிவந்தார். அவனும் அதே வேலைக்கு மனுப் போட்டவன், முந்தின நாளே பேசி முடித்தவன். "என்னுது முடிஞ்சுதுங்க சித்தி, எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க" என்று பாஸ்வேர்டையும் சொல்லிக் கொடுத்தான். அந்த நல்ல மனசுதான் இப்போது அவனுக்கு வினையாகிவிட்டது.

அடுத்தது சத்தம். எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும், லேத் ஓடாத வீடு கிடையாது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடாகப் போனார். "ஏனுங்க, பையன் இன்டர்வியூங்க. பத்துல இருந்து பதினொன்னு வரைக்கும் மெசினைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க." எதிர்ப்பட்டறை ஷேக் பரீத் பாய், "தம்பி நிதானமாப் பேசட்டுங்க, இரும்பு எங்க ஓடிப்போகுது?" என்றார். பத்து மணிக்குத் தெருவே அடங்கிவிட்டது. அந்த அமைதியைப் பார்த்து மாவு மில்காரர் வெளியே வந்து, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மில்லையும் அப்பா நிறுத்த வைத்துவிட்டார். அம்மா சுவரில் பழைய காலண்டர் தெரியக்கூடாது என்று தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டித் தொங்கவிட்டார். ஜரிகை மின்னி, உட்காருகிறவர் முகம் கருப்பாகத் தெரிந்தது.

அப்போதுதான் அண்ணன் என்னிடம், "ஏ ஹாரி, நீ சேர்ல உக்காந்து வெளிச்சம் சரியா இருக்கான்னு ஒருக்கா ஓட்டிப் பாரு. அந்த நீலப் பட்டனை அமுக்கு, அது டெஸ்ட்தான். நான் குளிச்சுட்டு வாரேன்" என்றான். காலையில் ஒருமுறை குளித்தவன் மறுபடியும் குளிக்கப் போனான். பயத்தில் வேர்த்திருக்கும் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நீலப் பட்டனை அமுக்கினேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வந்தது. டெஸ்ட்தானே என்று அண்ணன் மாதிரியே தலையைக் கோதிக்கொண்டு, "வணக்கமுங்க, நான் வம்சி. திருமலைசாமி மகன். காலையில எந்திரிக்கறதுதானுங்க எனக்கு இருக்கற ஒரே சிரமம்" என்றேன். பலம் என்ன என்று கேட்டது. "யார் திட்டினாலும் தூக்கம் கலையாதுங்க." பலவீனம் கேட்டதற்குச் சொன்னதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதம் தப்பித்தவறி அம்மா கையில் கிடைத்தால் ஆனைமலைக்கே போக வேண்டியிருக்காது. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றது. "இதே சேர்லதானுங்க, இதே கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருப்பேன்." பச்சை டிக் வந்தது. நன்றி வம்சி, உங்கள் பதில்கள் வந்து சேர்ந்தன என்று வந்தது. டெஸ்டுக்குக்கூட எவ்வளவு மரியாதையாக நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அண்ணன் தலை துவட்டிக்கொண்டு வந்து லிங்கைத் திறந்தான். நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்று வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன் அத்தை, சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அம்மா, "இந்தப் பொட்டி யாருது? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? அவனேதான் உள்ள பூந்து முடிச்சுப்போட்டான்!" என்று பெரியம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். பெரியம்மா, "எம் பையனையா சொல்ற? இனி எம் படி ஏறாதே" என்றார். இப்போது அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. சசிதர் அண்ணன் லேப்டாப்பை வாங்க வந்தபோது வாசலிலேயே நின்றான். "நான் செய்யலீங்க சித்தி" என்றான். ஒருவரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. நானும்தான்.

பதினொரு மணிக்கு லேத்துகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பாய் வந்து, "முடிஞ்சுதுங்களா?" என்றார். அப்பா, "முடிஞ்சுதுங்க, நல்லாப் பேசினான்" என்று சிரித்தார். பிறகு பட்டறைக்குப் போய் மெசினை ஓட்டாமல் சும்மா துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போய், "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சொல்லு கண்ணு. அவனாவது இந்த எண்ணெய்க் கையில இருந்து தப்பிச்சுக்குவான்னு நெனச்சேன்" என்றார். பரீட்சைக்கு ஸ்கேல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா போனில் உங்களிடம் அழுததும், நீங்கள் ஸ்பீக்கரில், "விடுங்க அண்ணி, நானே வண்டி எடுத்துட்டு வாரேன். எவன் செஞ்சானோ அவன் கண்ணு காந்தோணும், ரெண்டு கிலோவா அரைப்போம்" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அப்போதிலிருந்தே எனக்குக் கண் காந்துகிறது. ராத்திரி தக்காளிச் சட்னி சாப்பிட்டதற்கே காது சுட்டது. அம்மன் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டாளோ என்னவோ.

அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தால் சந்தேகப்படுவார். பொள்ளாச்சியில் வண்டியை நிறுத்தி, நீங்களே காஷ்மீர் மிளகாய் வாங்கிவிடுங்கள். நல்ல சிவப்பு, காரம் கிடையாது. கல்லில் பூசினால் அம்மா பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவார், நானும் பிழைத்துக்கொள்வேன். அரைக்கும்போது சசிதர் பேரை மட்டும் சொல்ல விடாதீர்கள். திரும்பி வந்த பிறகு அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார்.

மாமாவுக்கு என் வணக்கம். கோழிகளுக்கு நோய் நொடி வராமல் அந்த அம்மனே காக்கட்டும், என்னையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்,
ஹாரிகா

பி.கு.: அத்தை, இப்போதுதான் வம்சி அண்ணன் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்தான். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிக்கிறான். "அம்மா வேலை சொன்னா மட்டும் காது கேக்காதுங்கன்னு என் பலவீனத்தைச் சொன்னியே, அது அசத்தல்" என்கிறான். மேலே பாருங்கள், அந்தப் பதிலை நான் எழுதவே இல்லை. அப்புறம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொண்டேன். குளிக்கவே போகாமல் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தானாம். அது டெஸ்ட் இல்லை என்று அவனுக்குத் தெரியுமாம். "கேமராவைப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது ஹாரி, யாராச்சும் பேசினாப் போதும்னு இருந்துச்சு" என்கிறான். சசிதர் அண்ணன் வாசலில் நின்றபோதும் எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஆகவே மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். விடியும் முன்னால் பெரியம்மா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். போகாவிட்டால், பொள்ளாச்சியில் இருப்பதிலேயே எது காரம் என்று கேட்டு அதையே இரண்டு கிலோ வாங்குங்கள். என் பங்குக்கு மட்டும் ஒரே ஒரு காஷ்மீர் மிளகாய் சேர்த்துக்கொள்ளுங்கள்.