இன்னும் ஏணியை விடவில்லை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கு நான் நலம். உன் மகனும் நலம்தான், பக்கத்திலேயே நிற்கிறான். ஆனால் ஏணியிலும் இருக்கிறான். அதுதான் சிக்கல்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கை ஏணியைப் பிடித்திருக்கிறது, வலது கை எழுதுகிறது, தாள் ஏணிப்படியில் கிடக்கிறது. எங்கள் தீயணைப்பு நிலையத்தில் கொக்கி ஏணி, கூரை ஏணி என்று எத்தனையோ இருக்க, உன் மகன் இன்று பயிற்சிக் கோபுரத்துக்கு, ஒன்றுக்குள் ஒன்று இழுத்து நீட்டுகிற நீட்டு ஏணியைத்தான் எடுத்தான். உயரத்தில் காற்பங்கு தூரம் சுவரிலிருந்து தள்ளி ஊன்றினேன், நீட்டிய துண்டு பூட்டிக்கொண்டதா என்று பார்த்தேன், அடியில் என் இரண்டு பூட்ஸையும் அணைகொடுத்து நின்றேன். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று நீ சொன்னாயே, "நீ பிடிச்சாத்தான் எம்பிள்ள ஏறுவான்" என்று. அன்றிலிருந்து வேறு யாரையும் பிடிக்க விட்டதில்லை. ஏறியவன் தரையில் நின்று "இறங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை பிடித்தவன் கையெடுக்கக் கூடாது. இது எங்கள் வழக்கம்.

பயிற்சிக்காக ஈர வைக்கோல் கொளுத்திய புகைக்குள் அவன் ஏறி மறைந்தான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், கோபுரத்தின் பின்பக்கத்திலிருந்து கையை வீசிக்கொண்டு வருகிறான்! "உள்படிக்கட்டு வழியா வந்துட்டேன் மாமா, விட்டுட்டு வாங்க." சட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அப்போதே விட்டிருப்பேன், அக்கா. ஆனால் ஏணி கனக்கிறது. மேலே ஏதோ படியை மாற்றி மாற்றி மிதிக்கிற அதிர்வு உள்ளங்கைக்கு வருகிறது. அண்ணாந்து கூப்பிட்டேன், புகைதான் வந்தது. "மேல யாருடா?" என்றால், "யாருமில்ல மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று சிரிக்கிறான். "சரி, இறங்கிட்டேன்னு சொல்லு, விட்டுடறேன்" என்றேன். பல்லைக் காட்டுகிறானே தவிர, அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறான். ஏணிப் பக்கமும் வரமாட்டானாம். என்ன பிள்ளை வளர்த்திருக்கிறாய்! இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், படித்துவிட்டுக் காதைத் திருகு.

உன் முழங்கால் வலி குறையட்டும். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
ஒற்றைக் கையோடு தம்பி

பின்குறிப்பு: அக்கா, திட்டியதையெல்லாம் அடித்துவிடு. இப்போதுதான் முகமெல்லாம் கரியோடு உன் மகன் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். மேலே கால் வழுக்கி ஒற்றைக் கையில் தொங்கினானாம். நான் விட்டிருந்தால் ஏணியோடு போயிருப்பான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, "இறங்கிட்டேன் மாமா" என்றான். கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மற்றவனைக் காணோம். அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போகிறேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு முந்திச் சேர, இந்தக் கடிதத்தைத் தீயணைப்பு வண்டியில் மணியடித்துக்கொண்டே அனுப்புகிறேன். கதவைத் தட்டுகிறவனை "இறங்கிட்டேன்" என்று சொல்லச் சொல். சொன்னால் மட்டும் திற.