மாப்பிள்ளை வைத்த படகுத்துறை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பது கடிதம் போகப் போகத் தெரியும். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மாமனார் காட்ட வேண்டிய மரியாதையை இந்த முதல் பத்தியிலேயே மொத்தமாகக் காட்டிவிடுகிறேன். பிற்பாடு எங்காவது குறைந்தால் இதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளவும்.

போன தடவை வந்தபோது நீங்களே உங்கள் கையால் ஒரு கறுப்புப் பெட்டியை எங்கள் டிவியில் மாட்டி, உங்கள் கம்பெனியின் தீவு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தீர்கள். "கடைய வித்துட்டு சும்மா ஒக்காந்திருக்கீங்க மாமா, பொழுது போகும்" என்றீர்கள். விளையாட்டுக்கு உண்டான முழு விலையையும் நான்தான் கொடுத்தேன், உங்களைக் கொடுக்க விடவில்லை. அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. ஏனென்றால் என் மகள் போனில் பேசினால் "ம்", "சாப்டேன்பா", "வச்சிரட்டுமா" என்பதற்கு மேல் பேச்சு வளராது. அதே பெண், தீவில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு, அவள் உருளைக்கிழங்கு தோண்ட நான் தண்ணீர் ஊற்ற, காதில் மாட்டிய மைக்கில் பொழுது சாய்வது தெரியாமல் பேசினாள். ஆபீஸ் மேனேஜர் பற்றி, மாடிக்காரி பற்றி, ஜன்னல் திரை விஷயத்தில் உங்களுக்கும் அவளுக்கும் வந்த சண்டை பற்றி. (தப்பு உங்கள் பக்கம்தான்.) கட்டிக்கொடுத்த பெண் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்தத் தீவில்தான் மாப்பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் அதிர்ச்சி சட்டை. தீவில் இறங்கியதும் எனக்கு ஒரு பனியனும் அரை டிராயரும் கொடுத்து நிற்க வைத்தார்கள். சட்டை வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டுமாம். "சட்டகூட இல்லாம பொண்ணு வீட்டுக்குப் போறீங்களே, பாக்கறவங்க என்னைத்தானே சொல்லுவாங்க" என்று உங்கள் அத்தை பிடுங்கி எடுத்துவிட்டாள். சரி, வாங்கித் தொலைப்போம் என்று போனால் காசு செல்லாது, சோழிதான் செல்லும் என்கிறார்கள். காசைக் கொடுத்துச் சோழி வாங்கி, சோழியைக் கொடுத்துச் சட்டை வாங்க வேண்டும். சட்டை நூற்று இருபது சோழி. சோழிப் பொட்டலமோ நூறு, இல்லாவிட்டால் ஐந்நூறு. நான் தலை நரைக்கும்வரை இரும்புச் சாமான் கடை நடத்தியவன். ஒருவன் எட்டு ஆணி கேட்டால் எட்டு ஆணி எண்ணிக் கொடுத்தேனே தவிர, முக்கால் சட்டைக்குத்தான் சோழி இருக்கிறது, மீதிக்கு இன்னொரு பொட்டலம் வாங்கு என்று யாரையும் நடுத்தெருவில் நிறுத்தியதில்லை.

அடுத்தது பெட்டி. மீன் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போன பிறகு, பரிசு என்று ஒரு மரப்பெட்டி கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அத்தையைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். திறக்கப் போனால் பூட்டு. சாவிக்குத் தனி விலை. என் கடையில் பூட்டு வாங்கியவனிடம் சாவிக்குத் தனியாகக் காசு கேட்டிருந்தால் அந்தப் பூட்டாலேயே என் மண்டையைப் பிளந்திருப்பான். ஆனாலும் ஆசை யாரை விட்டது, சாவியை வாங்கினேன். உள்ளே இருந்தது ஆட்டுக்குப் போடுகிற தொப்பி. என்னிடம் ஆடு இல்லையே என்று பார்த்தால் ஆடு தனியாம்! அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உங்கள் அத்தை ரிமோட்டைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள்.

வியாபாரிக்கு வியாபாரி பேசிப் பார்க்கலாமென்று உதவிப் பிரிவுக்கு, "சட்டைக்குக் கடைசி விலை என்ன சொல்றீங்க?" என்று எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி!" என்று பதில் வந்தது. இதுதானே பேரத்தில் முக்கியமான இடம்? நான் கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! "சரி, வேற கடை பாத்துக்கறேன்" என்று எழுதிவிட்டு, அவர்கள் திரும்பக் கூப்பிடுவதற்கு வசதியாக மெதுவாகவே பெட்டியை அணைத்தேன். இரண்டு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவர்களாகவே, "நீங்கள் இல்லாமல் தீவு வாடுகிறது! சட்டை பாதி விலை!" என்று வந்து நின்றார்கள். மார்தட்டிக்கொண்டு வாங்கினேன். தெருவில் பால்காரர்வரை சொல்லிவிட்டேன். பிறகுதான் உங்கள் அத்தை, "ரெண்டு நாள் தொறக்காத எல்லாருக்கும் அப்படித்தான் வருமாம், பொண்ணு சொல்லுச்சு" என்று போட்டு உடைத்தாள். என்னையே பேரத்தில் ஏமாற்றிவிட்டார்கள். அன்றைக்கே சபதம் எடுத்தேன், அந்தத் திரையில் எது மினுக்கினாலும் இனி என் விரல் அதன்மேல் படாது. கடைத்தெரு மினுக்குகிறது, ஆடு மினுக்குகிறது, என் வீட்டு வாசலில் இருக்கிற தபால் பெட்டிகூட மினுக்குகிறது. நான் எதையும் தொடுவதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம் தண்ணீர் வாளியோடு போனால் பக்கத்து வீட்டையே காணோம். மண்ணும் வேலியும்தான் இருக்கிறது. உடனே போனில் கூப்பிட்டேன். "புதுத் தீவு தொறந்திருக்காங்கப்பா, வீட்ட அங்க மாத்திட்டேன். நீங்களும் வாங்க" என்றாள். துறைக்குப் போனால் படகுக்குக் குறுக்கே கயிறு கட்டி, "அடுத்த தீவு தனியாக விற்கப்படும்" என்று பலகை. விலை, நான் முதலில் கொடுத்ததில் பாதி. அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் மறுபடி அவளைக் கூப்பிட்டுப் போனில் கத்தினேன். "பெத்த பொண்ணப் பாக்க அப்பன் டிக்கெட் எடுக்கணுமா? எந்தப் படுபாவி இத வெச்சான்?" என்று கேட்டேன். "உங்க மாப்பிள்ளைதான்பா" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் போன் என் கையிலிருந்து நழுவிக் குழம்பில் விழுந்து உயிரை விட்டது.

தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பெண் கேட்டு வந்த அன்று, கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, "விளையாடறவங்களோட அனுபவத்த மேம்படுத்தறது மாமா" என்றீர்கள். எவ்வளவு பெரிய வேலை என்று வாயைப் பிளந்தேன். இப்போது அனுபவிக்கிறேன். நான் என் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பியபோது, பெண் தனி, அவள் சிரிப்பு தனி என்று பிரித்தா அனுப்பினேன்? அவள் கோபம் உட்பட மொத்தமாகத்தானே கொடுத்தேன்? எனக்கு மட்டும் ஏன் இப்படித் துண்டு துண்டாகத் தருகிறீர்கள்? தினமும் சாயங்காலம் துறையில் போய் நிற்கிறேன். அக்கரையில் விளக்கு தெரிகிறது. அவள் விட்டுப்போன உருளைக்கிழங்கைத் தோண்ட மனசு வராமல் அழுகவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வருகிறது மாப்பிள்ளை. ஆனாலும் அந்தக் காசை நான் கட்ட மாட்டேன். நீங்களாகக் கயிற்றை அவிழ்க்கும்வரை உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவும் மாட்டேன். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது இந்தப் பெட்டியைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம்.

என் மகளோடு நோய் நொடியில்லாமல், குறைவில்லாமல் நீங்கள் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். ஆசீர்வாதம் மொத்தமும் இதில் அடக்கம், மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
இடிந்துபோன உங்கள் மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் இதை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தபால் பெட்டியத் தொறந்தீங்களா? பொண்ணு என் போன்ல நேத்தே சொன்னா, நீங்க காது குடுத்தாத்தானே?" என்றாள். நான் தொட மாட்டேன் என்றேன். அவளே அழுத்தினாள். உள்ளே ஒரு படகுச் சீட்டு இருந்தது. புதுத் தீவு திறந்த அன்றே நீங்கள் அனுப்பியது. "மாமா, மொதப் படகு உங்களுக்குத்தான். இது கம்பெனி காசு இல்ல, என் காசு. அவ கரையிலயே நிப்பா" என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே மேலே உள்ள எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். உடனே படகேறிப் போனேன். அவள் கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள். "சீட்டு அனுப்பியும் வரல, எங்க மேல கோவம்னு நெனச்சேன்பா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள எந்தப் பொத்தான் என்று தேடினேன். கட்டிப்பிடிப்பதற்குத் தனி விலையாம். இதை வைத்தது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. எவ்வளவு என்றும் பார்க்கவில்லை, கண் சரியாகத் தெரியவில்லை. அழுத்திவிட்டேன்.