எல்ம்ஃபோர்க் பாலத்தின் கோடிட்ட இடம்

எல்ம்ஃபோர்க் நகரத்தில் வெகுகாலமாக எந்தக் காரியமும் யாராலும் செய்யப்பட்டதில்லை. காரியங்கள் செய்யப்பட்டன, அவ்வளவுதான். வரி உயர்த்தப்பட்டது. பனி அள்ளப்படாமல் விடப்பட்டது. நூலகத்து மேப்பிள் மரம் தவறுதலாக வெட்டப்பட்டது. மினசோட்டாவின் வடக்கு மூலையில் இருக்கும் எங்களுக்கு இதில் குறையொன்றும் இருந்ததில்லை. மழை பெய்கிறது, ஏரி உறைகிறது, வரி ஏறுகிறது. இதற்கெல்லாம் ஆள் யார் என்று கேட்பது அநாகரிகம் என்றே நாங்கள் வளர்க்கப்பட்டோம்.

அந்த வருடம் பனி உருகும் சமயத்தில் நகர நிர்வாகி கார்டன் லண்டீன் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது கழுத்தில் ஓர் அட்டையும் வாயில் 'பொறுப்புடைமை' என்ற சொல்லும் தொங்கின. அதுதான் அப்போது நாடெங்கும் மோஸ்தர். அடுத்த நகரமன்றக் கூட்டத்திலேயே விதி வந்துவிட்டது: இனி எந்த அறிவிப்பிலும், காரியம் இன்னாரால் செய்யப்பட்டது என்று அவருடைய முழுப்பெயரும், அவரைத் தக்கவாறு விளக்கும் பட்டமும் இடம்பெற வேண்டும்.

கோடைக்காலம் பொற்காலமாக இருந்தது. நகர அலுவலகத்தில் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்பவன் நான் என்பதால் அந்தப் பொன் முழுவதும் என் விரல் வழியாகத்தான் ஓடியது. 'பூங்காவின் புல், பசுமையின் காவலர் டுவேன் பிக்கோலா அவர்களால் வெட்டப்பட்டது.' டுவேன் எங்கள் பொதுப்பணித் தலைவர். அதுவரை தன்னை லாரி ஓட்டுகிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 'காப்பி இயந்திரம், மக்கள் நலனில் ஓயாத அக்கறையுடைய மேயர் பார்ப் ஆஸ்ட்ராண்டர் அவர்களால் இயக்கி வைக்கப்பட்டது.' மோஸ்தர் அலுவலகத்தோடு நிற்கவில்லை. தேவாலய விருந்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் அட்டை வைத்தார்கள். இன்னாரால் கிளறப்பட்டது, இன்னாரால் அடுப்பிலிருந்து இறக்கப்பட்டது என்று படித்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிப்போனது.

செப்டம்பரில் ஓடைப் பாலத்தின் பலகை ஒன்று உடைந்தது.

அது நடந்து போவதற்கான மரப்பாலம். ஒரு கரையில் முதியோர் குடியிருப்பு. மறுகரையில் மார்லிஸ் ட்வெய்ட்டின் காப்பிக் கடை. குடியிருப்புக்காரர்கள் தினமும் காலையில் தள்ளுநடைச் சட்டத்தை உருட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து மார்லிஸ் சுடும் 'ருபார்ப் பை' என்ற புளிப்பும் இனிப்புமான பலகாரத்துக்கு வருவார்கள். நெடுஞ்சாலை வழியாகவும் வரலாம், கார் இருந்தால்.

பலகை உடைந்த அன்றே பாலத்தின் முன் ஓர் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பும், ஓர் அறிவிப்புப் பலகையும் தோன்றின. அறிவிப்பில் இப்படி இருந்தது: 'இந்தப் பாலம் ____________ அவர்களால் மூடப்பட்டுள்ளது.'

கோடு கோடாகவே இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மார்லிஸ் அலுவலகத்துக்கு வந்தாள். கார்டன் சிறுவனாக இருந்தபோது அவள் கடைக் கண்ணாடியை இரண்டு முறை பந்தடித்து உடைத்தவர். அந்த உரிமை அவளுக்கு இன்னும் இருந்தது.

"டேய் கார்டி, பாலத்தை யாருடா மூடினது?"

"பாலம் மூடப்படல மார்லிஸ். மூடினவங்க பேரு போடற வரைக்கும் அது மூடினதா ஆகாது."

"அப்ப நடக்கலாமா?"

"அதெப்படி நடக்கறது? திறந்திருக்குன்னும் யாரும் சொல்லலையே."

மார்லிஸ், அங்கேயே நின்றிருந்த டுவேன் பக்கம் திரும்பினாள். "கூம்பு வச்சது நீதானே?"

"வச்சேன். இல்லேங்கல. கூம்பை ஒரு இடத்துல வச்சேன். அதுக்குப் பின்னாடி பாலம் இருந்தா நான் என்ன பண்றது?"

"உன் பேரை எழுதிட்டுப் போயேன். தேஞ்சா போயிடுவ?"

"புரியாமப் பேசாதீங்க," என்றார் கார்டன் பொறுமையாக. "மூடினான்னா, உடைஞ்சது அவனுக்குத் தெரியும்னு ஆகுது. தெரியும்னா, உடையறதுக்கு முன்னாடி ஏன் தெரியலன்னு கேப்பாங்க."

"சரி, மூட வேணாம். பலகையை மாத்தித் திறந்தாவது வைங்களேன்."

'திறந்து' என்ற சொல் கேட்டதும் மேயரின் அறைக்கதவு தானாகத் திறந்தது.

"திறப்பு விழாவா?" என்றார் பார்ப். "எப்ப?"

"நான்தான் திறக்கணும், அது என் பாலம்," என்றார் டுவேன், அதுவரை கூம்பை மட்டுமே அறிந்தவர்.

"திறக்கலாம்," என்றார் கார்டன். "ஆனா மூடாத பாலத்தை எப்படித் திறக்கறது? முதல்ல யாராவது மூடணும்."

மூவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"அந்தக் கரைக் கிழடுகட்டைங்க வந்தாத்தான் எனக்கு வியாபாரம்," என்றாள் மார்லிஸ். "அவங்க வரலேன்னா பனி விழறதுக்குள்ள நான் கடையை மூட வேண்டியதுதான்."

"அப்படி ஏதும் ஆச்சுன்னா, யாரால மூடப்பட்டதுன்னு பேரைப் போட்டுடுங்க மார்லிஸ்," என்றார் கார்டன் கனிவோடு. "அதுதான் முறை."

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் மார்லிஸ் ஒரு புதுப் பலகையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனாள். காப்பி வடிகிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இழவு வீட்டுக் களை. காரியம் நடந்துவிட்டது, செய்தவள் யார் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் 'மார்லிஸ் ட்வெய்ட் அவர்களால்' என்று எழுத முடியாது. அவளுக்குப் பட்டம் கிடையாது. விதிப்படி பட்டம் இல்லாதவரால் எதுவும் செய்யப்பட முடியாது.

"அவ சும்மா ஆணி அடிச்சா," என்றார் பார்ப். "ஆனா அவளை ஆணி அடிக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்தது யாரு? நாமதானே?"

அந்த ஒரு வாக்கியத்தில் சிக்கல் தீர்ந்தது. வெண்கலத்தில் ஒரு பெயர்த் தகடு வார்ப்பதென்று முடிவாயிற்று. 'இப்பாலம், தொலைநோக்கின் இருப்பிடம் பார்ப் ஆஸ்ட்ராண்டர் அவர்களால் எண்ணிப் பார்க்கப்பட்டு, நிர்வாகத் திலகம் கார்டன் லண்டீன் அவர்களால் பொறுமை காக்கப்பட்டு, கூம்பின் தந்தை டுவேன் பிக்கோலா அவர்களால் தடுக்காமல் விடப்பட்டு...' என்று வரைவு ஓடி, 'திறந்து வைக்கப்பட்டது' என்று முடிந்தது. செய்தி கசிந்ததும் ஊரே வந்தது. மீன்பிடிச் சங்கம் பாலத்தின் கீழ் தூண்டில் போடாமல் ஒத்துழைத்திருந்தது. பாடகர் குழு பாலத்துக்காக ஒரு பாட்டு பாடியிருந்தது. முதியோர் குடியிருப்பின் பொறுப்பாளர், யாரும் வெளியே போகாதபடி பார்த்துக்கொண்டார். எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். தட்டச்சு செய்தவன் என்ற முறையில் நானும் ஓரத்தில் இருந்தேன், 'எழுத்துச் செம்மல்' என்று. கடைசியில் மார்லிஸுக்கு இடம் போதவில்லை.

"என் பேரு வேணாம்," என்றாள் அவள். "நாளைக்கே திறந்துடுங்க, அது போதும்."

வார்ப்பதற்கு நாள் பிடித்தது. அக்டோபர் கடைசியில்தான் அது ஒரு சரக்கு வண்டியில் வந்தது. கதவளவு வெண்கலம். நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பாலத்தின் நட்டநடுவே நிறுத்தினார்கள். விழாவுக்கு முறைப்படி முதலில் பாலம் மூடப்பட வேண்டுமல்லவா? திறக்கப்போகிற தைரியத்தில் பார்ப் தானே அதை ஒரு நிமிடத்துக்கு மூடி வைத்தார். பிறகு நாடா வெட்டப்பட்டது. பெயர் உள்ள அத்தனை பேரும் தத்தம் பெயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார் புகைப்படக்காரர். நின்றோம். இடம் கிடைக்காதவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாலம் அவசரப்படவில்லை. ஒரு பெருமூச்சு விட்டது. மெல்லக் குனிந்து எங்கள் அனைவரையும் முழங்கால் அளவுத் தண்ணீரில் மரியாதையாக இறக்கி வைத்தது.

யாருக்கும் அடிபடவில்லை. குளிர்தான். கடை இருந்த கரையில் பலகாரத் தட்டுகளோடு நின்ற மார்லிஸ் ஓடையைப் பார்த்தாள். வெண்கலத் தகடு தண்ணீருக்கு மேலே முகம் காட்டிக்கொண்டு கிடந்தது.

"கார்டி," என்று கூப்பிட்டாள். "பேரு பட்டமெல்லாம் அதுலயே சரியா இருக்குடா. 'திறந்து வைக்கப்பட்டது'ங்கறதை மட்டும் மாத்திடு."

உடை மாற்றக்கூடப் போகாமல் நகரமன்றம் கூடியது. பொறுப்புடைமை விதி ரத்து செய்யப்பட்டது. யாரால் என்று குறிப்பிடப்படவில்லை. ஆனால் காப்பீட்டுக்காரர்கள் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். ரத்து நடப்புக்கு வருவதற்கு முன் அந்த விதி கடைசியாக ஒருமுறை பயன்படுத்தப்பட்டது. மார்லிஸுக்கும் ஒருவழியாகப் பட்டம் கிடைத்தது: 'பாலத்தின் சமநிலை, தகுதிபெறாப் பலகைப் பொருத்துநர் மார்லிஸ் ட்வெய்ட் அவர்களால் குலைக்கப்பட்டது.' எங்கள் ஊரில் யாரும் அதை மறுக்கவில்லை. தண்ணீரில் நின்றவர்களில் எவருக்கும் தாம் பாலத்தின் மேல் நின்றதாக ஞாபகம் இல்லை.

முதல் பனி விழுந்த காலையில் குடியிருப்புக்காரர் ஒருவரை மகள் நெடுஞ்சாலை வழியாகக் காரில் அழைத்துவந்தாள். கடைக்குள் விளக்கு எரியவில்லை. கதவில், டுவேன் பாலத்தின் முன் நட்ட அதே பலகை தொங்கியது. 'இந்தப் பாலம்' என்பதை அடித்துவிட்டு 'இந்தக் கடை' என்று மார்லிஸ் எழுதியிருந்தாள். மற்றபடி அதில் கை வைக்கவில்லை.

'இந்தக் கடை ____________ அவர்களால் மூடப்பட்டுள்ளது.'

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவும் நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

ஊரில் அதைப் படிக்காதவர் இல்லை. மேயர் படித்தார். பாடகர் குழு வரிசையாக வந்து படித்தது. எல்லோரும் மார்லிஸுக்காக வருத்தப்பட்டோம், கையுறையைக் கழற்றாமல். பேனா இன்னும் அங்கேதான் தொங்குகிறது. எழுதுகிற பேனாதான், நான் கிறுக்கிப் பார்த்தேன், என் உள்ளங்கையில்.