மேனேஜர் தலையாட்டிய விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு, உங்கள் தங்கச்சி எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் இப்போதாவது மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறதா? இங்கே நான் சுகம். நாய் சுகமா என்பதற்குத்தான் இந்தக் கடிதமே, அதனால் அதைப் பின்னால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து என்னை நிறுத்தியது நீங்கள்தான், ஆகவே இதில் உள்ள எழுத்துப் பிழைகளில் பாதி உங்களுடையது.

முதலில் முக்கியமான சேதி. வெள்ளிக்கிழமை நான் வந்துவிடுகிறேன். பெட்டி இரண்டையும் கட்டிவிட்டேன். நாயைப் பக்கத்துக் கடைத் தையல்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த அந்த வாரமே நீங்கள், "இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போற, எங்ககூட வந்துடு" என்றீர்கள், நான் தலையாட்டினேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் குடியிருப்பில் நாய் கூடாது, அதுவும் வலிப்பு நாய் கூடவே கூடாது என்றீர்கள், அதற்கும் ஆட்டினேன். ஆட்டிய தலைக்கு ஒரு மரியாதை வேண்டும் அல்லவா.

போன மாதம் போனில் நான் சரியாகச் சொல்லவில்லை, அது என் தப்புதான். "மேனேஜருக்குத் தலை ஆடுது அண்ணி, வலிப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றேன். அண்ணி பதறிப்போய், பாவம், அவருக்கு வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டார். நான்தான் இருக்கேன், படுக்கையே என் கட்டில் பக்கத்துலதான் என்றேன். அடுத்த நொடி போன் உங்கள் கைக்கு வந்துவிட்டது. மேனேஜர் என்பது நாயின் பெயர் என்று நீங்களாவது அண்ணிக்கு விளக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உங்கள் மாப்பிள்ளையிடம் டேபிள் ஃபேனை ரிப்பேருக்குக் கொண்டு வந்தார். கூடவே இந்தச் சப்பை மூக்கு நாய். இதை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார், உங்கள் மாப்பிள்ளை தலையாட்டினார். அந்த மனிதர் ஃபேனுக்கும் வரவில்லை, நாய்க்கும் வரவில்லை. அன்றிலிருந்து நாய் நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல், உங்கள் மாப்பிள்ளை செய்யும் வேலையை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் வைத்த பெயர்.

உங்கள் மாப்பிள்ளையைத் தெருவில் எல்லாரும் தலையாட்டி மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கே தெரியும். யார் என்ன கேட்டாலும் சரி என்று ஒரு ஆட்டு. நான் மட்டும் என்ன, நானும் அப்படித்தான். இரண்டு தலையாட்டிகள் குடும்பம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த பீரோ ஒன்று போதும். கடைக்காரர் "இது பொருத்தமா இருக்கும்ல?" என்றார், இவர் என்னைப் பார்த்து ஆட்டினார், நான் இவரைப் பார்த்து ஆட்டினேன், வாசலில் நுழையாத பீரோ வந்து சேர்ந்தது. இன்றைக்கும் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது, உள்ளே வாளியும் துடைப்பமும் வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட வீட்டில் முதல் முதலாக ஒரு ஜீவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் எனக்கு எப்படிப் புரியும், சொல்லுங்கள். போன மாதம் ஒரு மதியம் "சாப்பிடறியா?" என்று கேட்டேன், இல்லை இல்லை என்று ஆட்டியது, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் குளிப்பாட்டவா என்றேன், இல்லை. அதுவாவது நியாயம் என்று விட்டேன். மூன்றாம் நாள் நான் ஒன்றுமே கேட்காமல் சும்மா இருக்கும்போதே இல்லை, இல்லை, இல்லை என்றது. அப்போதுதான் அண்ணிக்குப் போன் போட்டேன். இருந்த ஒருவரும் போய்விட்டார், இதுவும் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது?

தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆறு வருஷமாக ரிப்பேருக்கு வரும் டேபிள் ஃபேன்களுக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து அவற்றைப் பார்த்தே தலையாட்டப் பழகிவிட்டது என்றார். மேல்வீட்டு டீச்சரம்மா அதெல்லாம் இல்லை, இது வலிப்புதான், உடனே கையில் இரும்பைக் கொடு என்றார். நாய்க்கு எது கை? முன்காலில் வலது பக்கமாகப் பார்த்து வீட்டுச் சாவிக்கொத்தை வைத்தேன். உடனே தலை நின்றது. டீச்சரம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அவர் பார்வையை எடுப்பதற்குள் மேனேஜர் சாவியைக் கவ்விக்கொண்டு தெருவில் ஓடிவிட்டது, நாங்கள் பின்னாலேயே ஓடினோம், காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது, உள்ளே அடுப்பில் பால். சாவி ஒரு மணி நேரம் கழித்துத் தையல்காரரின் வெட்டுத்துணி மூட்டையில் கிடைத்தது. கூடவே கிழிந்த ஜாக்கெட் ஒன்றும் கிடைத்தது, அது யாருடையது என்று அவர் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார். பால் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் ஆட ஆரம்பித்தது.

பிறகு நாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "மேனேஜர் உள்ள வரலாம்" என்று கூப்பிட்டார்கள். நான் எழுவதற்குள் டை கட்டிய ஒருவர் பூனைக் கூடையோடு எழுந்து உள்ளே போய்விட்டார். எங்கள் முறை வந்தபோது இது போட்டோவுக்கு நிற்கிற மாதிரி அசையாமல் நிற்கிறது. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. சில நாய்களுக்குத் தலை மட்டும் இப்படித் தானாக ஆடுமாம், ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். ஆடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தின்ன ஏதாவது நீட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்றார். நிற்காமல், கீழே விழுந்து, கால் இழுத்து, நம்மையே அடையாளம் தெரியாமல் போனால் அது வேறு, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எதற்கும் அடுத்த தடவை போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னார்.

எடுத்தேன் அண்ணா. முழுசாக மூன்று நிமிஷம். டாக்டரம்மா அதைப் பெரிய திரையில் போட்டார், இரண்டு நர்ஸும் பூனைக்காரரும் நின்று பார்க்கிறார்கள். நாயைக் காணோம். திரை முழுக்க என் முகம். போனைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். "ஆட்டுடா, நேத்து ஆட்டினியே, அதே மாதிரி ஆட்டு, டாக்டர் முன்னாடி என் மானத்தை வாங்காதே" என்று கெஞ்சுகிறேன். அப்புறம் இது என் மூக்கை நக்கியிருக்கும் போல, நான் சிரிக்கிறேன். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. டாக்டரம்மா, "நாயைக் காணோம்மா. ஆனா சிரிச்சா நல்லா இருக்கீங்க" என்றார். எனக்கு அந்த முகம் யாரென்றே தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளை போனதிலிருந்து கண்ணாடியில் நான் பார்த்தது வேறு ஒருத்தி. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். துடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள், நாய் மருந்து வாசனை, தும்மல் வேறு.

அடுத்த வீடியோவைத் தையல்காரர் எடுத்தார். மேனேஜர் ஆட்டுகிறது, நான் கூப்பிடுகிறேன், பிஸ்கட்டை நீட்டுகிறேன், தலை நின்று நேராக என்னைப் பார்த்துவிட்டுத் தின்கிறது. வலிப்பு இல்லை, தலையாட்டம்தான் என்றார் டாக்டரம்மா. எப்போது ஆடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். அன்று இருந்த சந்தோஷத்தில், அந்த மனிதர் நாயோடு விட்டுப்போன பழைய ஃபேனைக் கழற்றினேன். காற்று வரும், தலைதான் திரும்பாது, உங்கள் மாப்பிள்ளை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டுப் போனது. பின்பக்கம் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அவருடைய டப்பாவிலிருந்தே ஒன்று எடுத்து மாட்டினேன், இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுத்தவள்தானே. திரும்பியது. தெருவில் யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது மேஜை மேல் ரிப்பேருக்கு வந்த நாலு ஃபேன் இருக்கிறது. இதெல்லாம் சும்மா எழுதினேன், வெள்ளிக்கிழமை வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணியிடம் அறையை ரொம்ப ஒழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு மூலை போதும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். சொன்ன சொல் தட்டாத

உங்கள் தங்கச்சி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை மேனேஜருக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன். நடுவில் தலை ஆடினால் டாக்டரம்மாவுக்குக் காட்ட ஆகுமே என்று போனையும் சாய்த்து வைத்தேன். போட்டுப் பார்த்தால் மறுபடியும் திரை முழுக்க நான்தான். "வெள்ளிக்கிழமை நான் வந்துவிடுகிறேன்" என்று வாய் படிக்கிறது, தலை இடமும் வலமுமாக ஆடுகிறது. டாக்டரம்மா சொன்னபடியே சோதித்தேன். என் பெயரைச் சொல்லி நானே கூப்பிட்டேன். ஒரு பிஸ்கட் தின்றேன். மறுபடி படித்தேன். நிற்கவில்லை. ஆகவே பெட்டிகளைப் பிரித்துவிட்டேன், நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கோபித்துக்கொண்டு பதில் எழுதுங்கள், போனில் திட்டுங்கள், எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள் அண்ணா, உங்கள் முகத்தைப் பார்த்தால் பழக்கதோஷத்தில் சரி என்று தலையாட்டிவிடுவேன்.