வளைவில் நிற்கும் மோரிஸ்

வட இங்கிலாந்தில், எங்கள் நார்தம்பர்லாந்துக் கிராமத்தின் நடுவே லாரிகள் பறப்பதைத் தடுத்தே தீர்வது என்று, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரமே உறுதி பூண்டேன். ஆகவே, வேகம் குறைவதற்காக ஊரார் எவ்வளவு தரத் தயாராக இருக்கிறார்கள் என்று அளந்தறியப் பல்கலைக்கழகத்திலிருந்து பிலிப்பா என்னும் பெண் அட்டைகளோடு வந்தபோது, அவளுக்கு என் நாற்காலியையே கொடுத்தேன்.

ஒவ்வோர் அட்டையிலும் வண்டிகளின் வேகம், வண்டிச் சத்தம், சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரம். அடியில், அதற்காக ஆண்டுதோறும் கூடுதலாகச் செலுத்த வேண்டிய வரி. இருந்தவற்றுள் விலை மிகுந்த அட்டையைத் தொட்டேன்.

“இதுக்கு மேல அட்டை இல்லையாம்மா? எவ்வளவு வேணும்னாலும் தருவேன்னு எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டாள். பிறகு என் மனைவி மியூரியலைத் தனியே கேட்கச் சமையலறைக்குப் போனாள். சிரிப்பொலி கேட்டது. மியூரியலுக்கு அட்டைகள் புரியச் சற்று நேரமாகும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை, முப்பதாண்டுகளாக ஞாயிறுதோறும் நான் மெருகிட்டுவந்த பச்சை மோரிஸ் கார் கொட்டகையில் இல்லை. சாலை வளைவில், ஓரமாக நின்றது. லாரிகள் அதனருகே தயங்கி, ஒன்றுக்கொன்று வழிவிட்டு, ஊர்ந்தன.

“மியூரியல், யாராவது இடிச்சிட்டா?”

“எவ்வளவு வேணும்னாலும் தருவேன்னீங்களே, வாத்தியாரே. வரி வர்றப்ப வரட்டும். இது இன்னிக்கே ஆச்சு.”

சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வாசலிலேயே ஊர்மன்றத் தலைவர் என் கையைப் பற்றிக் குலுக்கினார். மூன்றாண்டுகளில் முதன்முறையாக ஒரே முயற்சியில் சாலையைக் கடந்தாராம். மாலையில் மன்றம் எனக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நெஞ்சு நிமிர்ந்தது, சாவி சட்டைப்பைக்குள் அடங்கியது.

காலியான கொட்டகைக்கு அவ்வாரமே ஊரின் பித்தளை வாத்தியக் குழு குடிவந்தது. பதினொரு பேர். இருப்பதிலேயே பெரிய குழலை ஊதுபவள் மியூரியல்; ஒத்திகைக்கு இடமில்லை என்று ஆறாண்டுகளாகச் சொல்லிவந்தவளும் அவளே.

சத்தம் குறையவும் சேர்த்துத்தானே நான் அட்டையைத் தேர்ந்தேன் என்று முறையிட்டேன்.

“அட்டையில வண்டிச் சத்தம்னுதான் போட்டிருந்துச்சு. கண்ணாடி போட்டுப் படிச்சிருக்கணும்.”

இலையுதிர்காலத்தில், விடைகளைச் சரிபார்க்கப் பிலிப்பா மீண்டும் வந்தாள். அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். வேகம் குறைவதற்காகக் கணவர் தர விரும்புவது: எவ்வளவு வேண்டுமானாலும். மனைவி தர விரும்புவது: கணவரின் கார்.